நாய்ச் சோற்றில் குறைவது என்ன? – வாசகர் கேள்வி பதில்

வீட்டில் சமைத்த உணவை மட்டுமே உண்டு வாழும் நாய்களுக்குத் தாது உப்புகளைத் தனியாகச் சேர்க்க வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குப் பீடோரிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களைப் பார்த்த பிறகு, இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குவதென்று முடிவு செய்தேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் விரிவான கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் நாய்க்கு ஆறு வயது, எடை 15 கிலோ. சோறு, தோல் நீக்கிய கோழி இறைச்சி, கொஞ்சம் கேரட் ஆகியவற்றை உப்பில்லாமல் வேகவைத்து இரண்டு வேளையும் கொடுக்கிறேன். தட்டைத் துடைத்து வைத்தாற்போல் தின்றுவிடுகிறது. ஓட்டத்திலும் குரைப்பிலும் ஒரு குறையும் இல்லை. தோட்டத்தில் என் தாத்தா வளர்த்த நாய்கள் பழைய சோற்றைத் தின்றே பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தன. அப்போது இல்லாத தாது உப்பு இப்போது மட்டும் ஏன் தேவைப்படுகிறது? – வாசகி, பீடோர்

பதில்: அம்மா, மசாலாவும் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் நாய்க்கென்று தனிச் சட்டியில் சமைக்கிறீர்கள். குழம்பில் மிஞ்சியதைக் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அந்தச் சட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

உங்கள் நாயைப் போன்ற, அதிக வேலையில்லாத 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 800 கலோரி வேண்டும். அதற்கு நீங்கள் கொடுப்பது சுமார் 300 கிராம் சோறு, 250 கிராம் கோழி, கொஞ்சம் காய் என்று வைத்துக்கொள்வோம். இவற்றிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், 60 மில்லிகிராமைத் தாண்டுவதே அரிது. அந்நாய்க்குத் தேவைப்படுவதோ 800 மில்லிகிராம் முதல் 1 கிராம் வரை. அதே உணவில் பாஸ்பரஸ் 600 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, ஏனென்றால் எலும்பு நீக்கிய இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். நாயின் உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, அதைவிட மிகுந்து இரு மடங்குக்குள்ளாகவோ இருக்க வேண்டும். உங்கள் சட்டியில் அது பத்தில் ஒரு பங்குதான். கேரட்டை எவ்வளவு கூட்டினாலும் இந்த இடைவெளி நிரம்பாது.

பிறகு நாய் எப்படி நன்றாக இருக்கிறது என்று கேட்பீர்கள். இரத்தத்தில் கால்சியம் குறையத் தொடங்கியதும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு, எலும்பில் சேர்த்து வைத்திருக்கும் கால்சியத்தைக் கரைத்து இரத்தத்துக்கு அனுப்புகின்றன. ஆகவே இரத்தப் பரிசோதனை செய்தால் கால்சியம் சரியாக இருப்பதாகவே காட்டும். எலும்பு மட்டும் ஓசையில்லாமல் மெலிந்துகொண்டே வரும். வளர்ந்த நாயில் இது வெளியே தெரியப் பல மாதங்கள் ஆகும். சில நாய்களில் தாடை எலும்பு மிருதுவாகிப் பற்கள் ஆடும்போதுதான் முதலில் தெரியவரும். தட்டு காலியாவது நாய்க்குப் பசி இருப்பதைச் சொல்லும், உணவு நிறைவானதா என்பதைச் சொல்லாது.

உங்கள் தாத்தாவின் நாய்களைப் பற்றிச் சொன்னது உண்மைதான். நானும் லயத்து வீட்டில் வளர்ந்தவன். ஆனால் அந்த நாய்கள் பழைய சோற்றை மட்டுமா தின்றன? கோழி அறுத்தால் தலையும் காலும் குடலும் அவற்றுக்குத்தான் போயின, மீன் வாங்கினால் தலையும் முள்ளும் போயின, பால்மரக் காட்டில் எலியையும் ஓணானையும் அவையே பிடித்துத் தின்றன. எலும்போடும் ஈரலோடும் முழுதாக விழுங்கப்பட்ட ஓர் எலி, நாம் இன்று அளந்து சேர்க்கப் பார்க்கும் தாதுக்களில் பெரும்பாலானவற்றைச் சேர்த்துக் கொடுத்துவிடும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக் கேட்டுக்குள் வளரும் உங்கள் நாய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. சோறு மாறவில்லை, அதைச் சுற்றி இருந்தவைதான் போய்விட்டன. (எலிக்கு மருந்து வைக்கும் இக்காலத்தில் அதை வேட்டைக்கு அனுப்பும்படியும் நான் சொல்ல மாட்டேன்.)

கால்சியத்துக்கு மிக எளிய வழி முட்டை ஓடு. அதன் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். எடையில் நூற்றுக்கு 38 பங்கு கால்சியம். ஓடுகளைக் கழுவிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடித்து, வாணலியில் இளஞ்சூட்டில் ஈரம் போக வறுத்து, மிக்சியில் மாவாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். கொதிக்கவிடுவது சால்மொனெல்லா கிருமிக்காக. சலிப்பது, நொய்யாக இருந்தால் குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடும் என்பதற்காக. தலைதட்டி அளந்த அரைத் தேக்கரண்டியில் ஏறக்குறைய இரண்டரை கிராம் தூள் இருக்கும். அதில் 950 மில்லிகிராம் கால்சியம் உண்டு. உங்கள் நாய்க்கு ஒரு நாளைக்கு அதுதான் அளவு. இரண்டு வேளைக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். ஒரு முட்டையின் ஓடு இரண்டு நாளைக்கு வரும். நம் ஊர் ஈரக் காற்றில் தூள் கட்டி பிடிக்கும் என்பதால் இறுக மூடிய போத்தலில் வைத்து, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.

கால்சியத்தோடு கணக்கு முடியவில்லை. துத்தநாகம், செம்பு, அயோடின் ஆகியவையும் இச்சட்டியில் குறைவு. இது உங்கள் சமையலுக்கு மட்டும் உரிய குறையன்று. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் நூற்றுக்கு 95 குறிப்புகளில் இன்றியமையாத ஒரு சத்தாவது குறைவாக இருந்தது; பெரும்பாலானவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை குறைந்தன. அக்குறிப்புகளில் கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் இருந்தன என்பதை, நானும் அந்தத் தொழிலைச் சேர்ந்தவன் என்ற முறையில் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: முட்டை ஓடும் சுண்ணாம்புச் சத்துதான், வெற்றிலைக்குத் தடவுவதும் சுண்ணாம்புதான் என்கிறார் என் பாட்டி. தினமும் ஒரு மிளகளவு சோற்றில் கலந்தால் போதும் என்றும் சொல்கிறார். செய்யலாமா ஐயா? – வாசகர், தாப்பா

பதில்: செய்யாதீர்கள் தம்பி. பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு. வெற்றிலைச் சுண்ணாம்பு என்பது சுட்ட சுண்ணாம்பு நீரில் நீற்றப்பட்டு உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு. அது அரிக்கும் தன்மை உடையது. கொஞ்சம் கூடிப்போனால் பாட்டிக்கே வாய் வெந்துபோவது உங்களுக்குத் தெரியும். நாய் அதை மென்று துப்பப் போவதில்லை. நாக்கு, உணவுக்குழாய், இரைப்பை எல்லாவற்றையும் புண்ணாக்கியபடியே அது உள்ளே இறங்கும். முட்டை ஓட்டில் உள்ள கால்சியம் கார்பனேட்டுக்கு அந்தக் காரம் கிடையாது. கால்சியம் வேண்டும் என்ற பாட்டியின் கணிப்பு சரிதான். டப்பாவை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: முட்டை ஓட்டை அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. கொல்லையில் முருங்கை இருக்கிறது. வீட்டில் பாலும் நெத்திலியும் எப்போதும் உண்டு. இவை போதாவா? – வாசகி, சுங்கை தோட்டப் பகுதி

பதில்: முருங்கைக்கீரை நல்ல கீரைதான், 100 கிராம் பச்சை இலையில் 185 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. ஆனால் 15 கிலோ நாயின் ஒரு நாள் தேவைக்கு அரைக் கிலோ இலையை உருவ வேண்டும், அதை நாயும் தின்ன வேண்டும். பசலைக்கீரையில் இருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பாலில் கால்சியத்தோடு பாஸ்பரஸும் சேர்ந்தே வருகிறது. வேண்டிய அளவைப் பாலிலேயே கொடுக்கப் பார்த்தால் பல நாய்களுக்கு வயிற்றுப்போக்குதான் மிஞ்சும், ஏனென்றால் வளர்ந்த நாய்களில் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவு. கருவாட்டு நெத்திலியில் முள்ளும் தலையும் இருப்பதால் கால்சியம் உண்டு. அதைவிட அதிகமாக உப்பு உண்டு. நன்றாக ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி, வாசனைக்குச் சிறிது சேர்க்கலாம். நேரமில்லை என்றால், வேறு எதுவும் கலவாத கால்சியம் கார்பனேட் தூளை மருந்தகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நூற்றுக்கு 40 பங்கு கால்சியம் இருப்பதால் இரண்டரை கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே போதும்.

கேள்வி: எங்கள் நாய்க்குக் கண்ணைச் சுற்றியும் உதட்டு ஓரத்திலும் தோல் தடித்துப் பொருக்குத் தட்டுகிறது. கிளினிக்கில் துத்தநாகக் குறைவாக இருக்கலாம் என்றார்கள். மாட்டிறைச்சி கொடுத்தால் நல்லது என்றும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி ஏறாது. நாய்க்குச் சோறும் பருப்பும் கோழியும்தான். முட்டை ஓட்டுத் தூளைக் கடந்த ஓராண்டாக ஒரு மேசைக்கரண்டி நிறையப் போட்டு வருகிறேன். – வாசகி, கம்பார்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் விடையின் பாதி இருக்கிறது அம்மா. கால்சியம் மிகுந்துபோனால் குடலில் துத்தநாகம் உறிஞ்சப்படுவது தடைபடும். பருப்பிலும் முழுத்தானியத்திலும் உள்ள பைட்டிக் அமிலமும் அதே வேலையைச் செய்யும். ஏற்கெனவே துத்தநாகம் குறைந்த உணவில் இரண்டு பக்கமும் பூட்டுப் போட்டது போல் ஆகிவிட்டது. ஒரு மேசைக்கரண்டி என்பது மூன்று தேக்கரண்டி. நாயின் எடையை நீங்கள் எழுதவில்லை, ஆயினும் நடுத்தர நாய்க்கு இது ஆறு மடங்கு. முதலில் அதை அளவுக்குக் கொண்டுவாருங்கள். பருப்பை முதல் நாள் இரவே ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் பைட்டிக் அமிலம் ஓரளவு குறையும். பருப்பின் அளவையும் பாதியாக்குங்கள்.

இனி இறைச்சிக்கு வருவோம். 800 கலோரி உண்ணும் நாய்க்கு நாளொன்றுக்குக் குறைந்தது 12 மில்லிகிராம் துத்தநாகம் வேண்டும். கோழி நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம்கூட இருப்பதில்லை. தொடைக்கறியில் அதைப்போல் இரு மடங்குவரை உண்டு. ஆட்டிறைச்சியில் 100 கிராமுக்கு 4 மில்லிகிராம். ஆகவே நெஞ்சுக்கறியிலிருந்து தொடைக்கறிக்கு மாறுவது செலவில்லாத முதல் திருத்தம். வீட்டுக்கு ஆட்டிறைச்சி எடுக்கும் நாளில் கொழுப்பு நீக்கிய நூறு கிராம் நாய்க்கும் போவது இரண்டாவது. ஆட்டிறைச்சி விற்கும் விலையில் தினமும் அதைக் கொடுக்க நான் சொல்லப் போவதில்லை. அதற்கு மேலும் விழும் குறைவைத் துத்தநாக மாத்திரையால்தான் நிரப்ப வேண்டியிருக்கும். அளவை மருத்துவர் நாயின் எடையைப் பார்த்து எழுதித் தரட்டும், ஏனென்றால் துத்தநாகம் மிகுந்தால் வாந்தி வரும், நீண்ட நாள் மிகுந்தால் செம்புச் சத்து குறையும். ஒரு சந்தேகத்தையும் சொல்லி வைக்கிறேன்: உங்கள் நாய் சைபீரியன் ஹஸ்கி இனமாக இருந்தால் குறை உணவில் இல்லாமல் உடலிலேயே இருக்கலாம். அவ்வினத்தில் சில நாய்களுக்குப் பிறவியிலேயே துத்தநாகத்தைக் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. அவற்றுக்கு ஆயுள் முழுவதும் மாத்திரை வேண்டும்.

செம்பைப் பற்றிக் கேட்காமலே சொல்லிவிடுகிறேன், ஆட்டு ஈரல் உங்கள் வீட்டில் ஏறும் என்பதால். அதில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் செம்பு இருக்கிறது. கோழி ஈரலில் அரை மில்லிகிராம் அளவுதான். வாரம் 100 கிராம் ஆட்டு ஈரலை வேகவைத்து ஏழு நாளுக்கும் பங்கிட்டால் 15 கிலோ நாயின் செம்புத் தேவையில் பெரும்பகுதி நிறைந்துவிடும். இரும்பும் கூடவே வரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தினமும் ஈரலையே கொடுத்தால் வைட்டமின் ஏ உடலில் தேங்கி எலும்பைக் கெடுக்கும். லேப்ரடார், பெட்லிங்டன் டெரியர் போன்ற இனங்களில் செம்பு கல்லீரலில் தேங்கும் நோய் உண்டு என்பதால், அவற்றை வளர்ப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆட்டு ஈரலைத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: நாய்க்கு உப்பே கூடாது என்கிறார்கள். அயோடினுக்கு உப்புப் போடச் சொல்கிறார்கள். எது சரி? – வாசகர், பீடோர்

பதில்: இரண்டுமே அரைகுறைச் செய்திகள். சோடியமும் ஒரு தாதுதான். உப்பில்லாத சோறும் கோழியும் கொடுத்தால் அதுவும் சற்றுக் குறைவாகவே அமையும். 2020ஆம் ஆண்டு முதல் நம் மலேசியாவில் மேசை உப்பில் அயோடின் சேர்ப்பது கட்டாயம் என்பதால், கடையில் வாங்கும் சாதாரண உப்பிலேயே அது இருக்கிறது. ஆனால் அந்த உப்பால் மட்டுமே நாயின் அயோடின் தேவையை நிறைவேற்றிவிட முடியாது. ஒரு கிலோ உப்பில் 30 மில்லிகிராம் அயோடின் என்று வைத்தால், 800 கலோரி உண்ணும் நாய்க்கு வேண்டிய 0.18 மில்லிகிராமைப் பெற ஆறு கிராம் உப்பைப் போட வேண்டும். அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி; நாயின் சோடியத் தேவையைப்போல் பத்து மடங்கைத் தாண்டிவிடும். ஆகவே ஒரு நாள் உணவுக்கு ஒரு சிட்டிகை போதும். அடுப்பில் கொதிக்கும்போது போடாமல், இறக்கி ஆறிய பின் தூவுங்கள். கொதியில் அயோடின் ஓரளவு போய்விடும். மீதிக்கு வாரம் இரண்டு நாள் கோழிக்குப் பதில் கெம்போங் மீனை முள் எடுத்து அவித்துக் கொடுக்கலாம். செலினியமும் அதில் கிடைக்கும். முட்டையிலும் கொஞ்சம் அயோடின் உண்டு. கடற்பாசித் தூளை இணையத்தில் பலரும் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஏனென்றால் கடற்பாசி வகைக்கு வகை அயோடின் அளவு பல மடங்கு வேறுபடுகிறது. அயோடின் மிகுந்தாலும் தைராய்டு சுரப்பி கெடும். எவ்வளவு அயோடின் என்று அச்சிட்டிருந்தால் ஒழிய வாங்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிக்கு நான்கு மாதம். குட்டிகளுக்கான உலர் உணவைச் சோற்றோடு கலந்து கொடுத்து, எலும்பு பலமாக வளரட்டும் என்று என் பிள்ளைக்கு வாங்கிய கால்சியம் சிரப்பையும் தினமும் ஊற்றுகிறோம். இப்போது முன்னங்கால்கள் மணிக்கட்டில் வெளிப்பக்கம் வளைந்தாற்போல் தெரிகின்றன. சிரப்பைக் கூட்டலாமா? – வாசகர், தெலுக் இந்தான் சாலைத் தோட்டம்

பதில்: இன்றே நிறுத்துங்கள். வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேற்பட்ட கால்சியத்தை ஓரளவு தடுத்துவிடும்; ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு அந்தக் கதவு இன்னும் அமையவில்லை. கொடுத்ததில் பெரும்பங்கு உள்ளே போய், வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும் குருத்தெலும்பு எலும்பாக மாறும் முறையைக் குலைத்துவிடும். பெரிய இனக் குட்டிகளில்தான் இதன் கேடு மிகுதி. அவற்றின் உணவில் 1000 கலோரிக்கு நாலரை கிராம் கால்சியத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். உலர் உணவில் அளவான கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு மேல்தான் உங்கள் சிரப். பிள்ளைகளின் சிரப்பில் வைட்டமின் டியும் சேர்ந்திருப்பது வழக்கம்; அது மிகுந்தால் சிறுநீரகமே பாதிக்கப்படும்.

ஆனால் கால் வளைவதற்குக் கால்சியம் மிகுதிதான் காரணம் என்று கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. வெறும் சோறும் இறைச்சியும் தின்று கால்சியம் குறைந்த குட்டிக்கும் கால் வளையும், நொண்டும். இரண்டையும் பிரித்தறிய எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஈப்போவில் எடுத்துக்கொள்ளலாம், சிக்கலாகத் தெரிந்தால் செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அதுவரை சோற்றைக் கலக்காமல், பெரிய இனக் குட்டிகளுக்கென்று எழுதப்பட்ட முழு உணவை மட்டும் அளந்து கொடுங்கள். பெரிய இனக் குட்டிக்கு ஒரு வயதுவரை வீட்டுச் சமையலையே நான் பரிந்துரைப்பதில்லை. அதற்கான தாதுக் கணக்கில் தவறுவதற்கு இடமே இல்லை.

கேள்வி: நாங்கள் சாப்பிடும் சத்து மாத்திரையில் எல்லாத் தாதுவும் இருக்கிறதே, அதில் பாதியைக் கொடுத்தால் என்ன? – வாசகி, பீடோர்

பதில்: மனித மாத்திரையில் கால்சியமும் துத்தநாகமும் நாயின் தேவைக்குக் குறைவு, வைட்டமின் டியும் இரும்பும் சில நேரம் மிகுதி. மெல்லும் வகை மாத்திரைகளில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்த்திருந்தால், அது நாயின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென வீழ்த்தி உயிருக்கே ஆபத்தாகும். கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்பு மாத்திரைகளை நாய்க்கு எட்டும் உயரத்தில்கூட வைக்காதீர்கள்.

வீட்டுச் சமையலோடு சேர்ப்பதற்கென்றே தாதுவும் வைட்டமினும் கலந்த தூள்கள் விற்கின்றன. அவற்றை வாங்கும்போது உறையில் ஒவ்வொரு தாதுவின் அளவும் எண்ணில் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘மினுமினுக்கும் ரோமத்துக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். கால்சியமும் அத்தூளிலேயே இருந்தால் முட்டை ஓட்டுத் தூளை நிறுத்திவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு.

கேள்வி: பன்னிரண்டு வயது நாய். சிறுநீரகம் பழுதுபட்டிருக்கிறது என்றார்கள். எலும்புத் தூள் போட்டுச் சமைத்து வருகிறேன். தொடரலாமா? – வாசகர், தாப்பா

பதில்: தொடர வேண்டாம் ஐயா. எலும்புத் தூளில் கால்சியத்தோடு, அதில் பாதியளவு பாஸ்பரஸும் இருக்கிறது. பழுதுபட்ட சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் தேங்குவது முதலில் பாஸ்பரஸ்தான். அதைக் குறைப்பதே இந்நோய்க்கான உணவு முறையின் அடிப்படை. முட்டை ஓட்டுத் தூளில் பாஸ்பரஸ் மிகச் சொற்பம் என்பதால் அதற்கு மாறலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பெரும்பாலும் மாறலாம், ஆனால் சில நோயுற்ற நாய்களில் இரத்தக் கால்சியம் ஏற்கெனவே கூடியிருக்கும். ஆகவே கால்சியம், பாஸ்பரஸ் இரண்டையும் இரத்தத்தில் பார்த்த பிறகே தொடங்குங்கள். பரிசோதனைக்குப் போகும்போது, தினமும் கொடுக்கும் சோறு, இறைச்சி, தூள் ஆகியவற்றைச் சமையலறைத் தராசில் நிறுத்து ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ‘ஒரு கை சோறு, கொஞ்சம் கறி’ என்று சொன்னால் மருத்துவரால் எந்தக் கணக்கும் போட முடியாது.